தரவையில் அலையாத்தி நட வருகிறார்கள்: முதலில் கன்றா, தண்ணீரா?

வத்தைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில் கடலோரம் எனக்கு ஊர். வத்தையில் போய் நண்டு வலை விடுவது தொழில். இந்த வருடம் ஊர்க் கமிட்டியில் என்னையும் போட்டிருக்கிறார்கள். அமாவாசை கழித்து ஒரு கூட்டம் இருக்கிறது. அதற்குள் ஒரு விஷயத்தில் தெளிவு வேண்டும். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ஊருக்கு மேற்கே, கழியை ஒட்டி ஒரு தரவை, அதாவது கடல்நீர் ஏறும் வெட்டவெளி உவர் நிலம், கிடக்கிறது. பதினைந்து ஏக்கர் இருக்கும். அப்பா சின்னப் பையனாக இருந்தபோது அதில் பாதிக்கு மேல் அலையாத்தி நின்றதாம். ஆட்டுக்குத் தழை அங்கேதான் ஒடிப்பார்கள். மழை ஓய்ந்த கையோடு வேர்களுக்கு நடுவில் இறால் குஞ்சு பொரி பொரியாகத் துள்ளும் என்று சொல்வார். இப்போது சித்திரை மாதம் போனால் வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்துக் கிடக்கும். காலை வைத்தால் மேல் ஓடு அப்பளம் போல நொறுங்கும். அதற்குக் கீழே கறுப்புச் சேறு, அள்ளினால் அழுகிய முட்டை வாடை.

ஏழு வருடத்துக்கு முன்னால் ஓர் அமைப்பு வந்து 8,000 கன்று நட்டது. ஊர்ப் பெண்களுக்குக் கூலி கொடுத்தார்கள். என் வீட்டுக்காரியும் பதினோரு நாள் போனாள். நம் பிள்ளைகள் காலத்தில் கழியில் மறுபடி இறால் படும் என்று ஆசையாகச் சொல்லிக்கொண்டே வருவாள். இரண்டாவது கோடையைக் கன்றுகள் தாண்டவில்லை. போன வாரம் போய் எண்ணினேன். உயிரோடு நிற்பது 37. எல்லாம் வாய்க்கால் ஓரமாக.

இப்போது ஒரு கம்பெனி சார்பில் வேறு ஆட்கள் வந்திருக்கிறார்கள். 20,000 கன்று, கூலி அவர்களுடையது, ஊருக்கு ஒரு தொகையும் உண்டு. கூலி ஊருக்கு வேண்டியதுதான், அதை நான் தள்ளிப் பேசவில்லை. ஆனால் அதே இடத்தில் அதே வேலையை இன்னொரு முறை செய்ய மனசு ஒப்பவில்லை.

இதற்கிடையில் போனில் பீட் நிலம் என்று ஒன்றைப் பற்றிப் படித்தேன். சதுப்புக்கு அடியில் செடிகொடி மட்காமல் ஆயிரக்கணக்கான வருடமாகச் சேர்ந்த கறுப்பு மண்ணாம். அதைக் காயவிடாமல் வைத்தால் கரியமில வாயு காற்றுக்குப் போகாது, தண்ணீர் நிற்கும், பறவையும் மீனும் வரும் என்று போட்டிருந்தது. எங்கள் தரவைச் சேறும் அந்த ஜாதிதானா? அப்படியென்றால் அதற்குச் செய்கிற வைத்தியம் இதற்கும் ஆகுமா? கம்பெனிக்காரர்களிடம் சரி என்று சொல்லலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கழிக்கரை அக்கா:

தம்பி, நானும் கழியில் கைவிட்டு நண்டு பிடித்து வளர்ந்தவள்தான். செத்துப்போன 7,963 கன்றை விடுங்கள். அந்த 37 ஏன் சாகவில்லை? அதில்தான் பதில் இருக்கிறது. வாய்க்கால் ஓரம் என்றால் தண்ணீர் தினம் ஏறி வடிகிற இடம். மற்ற இடத்தில் ஏறுகிறதா? ஏறினால் வடிகிறதா? இந்த இரண்டையும் பார்க்காமல் கன்று வைப்பது, குடிக்கத் தண்ணீர் காட்டாமல் ஆட்டைக் கட்டிப்போடுகிற மாதிரி.

நம் பக்கத்துக் கடலில் ஓதம், அதாவது தினம் நீர் ஏறி இறங்குவது, பெரிதாக இல்லை. முழங்கால் உயரம் ஏறினால் அதிகம். அதனால் அரை அடி மேடு கூடத் தண்ணீரை மறித்துவிடும். தரவைக்குக் குறுக்கே ஏதாவது வரப்பு, சாலை, பழைய இறால் பண்ணைக் கரை இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். ஒரு கம்பை நட்டு விரல் விரலாகக் கோடு போட்டு, ஏறும்போதும் வடியும்போதும் குறித்து வையுங்கள்.

இன்னொன்று. அலையாத்தியில் வெண்கண்டல் என்ற வகையின் விதைக்கு யாரும் நாற்றங்கால் போட வேண்டியதே இல்லை. மரத்திலிருந்து விழும்போதே முளை கட்டித்தான் விழும். மிதந்து வந்து, தோலை உரித்து, பிடித்த இடத்தில் தானாகக் கால் ஊன்றும். தண்ணீர் வராத இடத்துக்கு விதை எப்படி வரும்?

வத்தைக்காரன்:

அக்கா, நீங்கள் சொன்னதும் இன்று காலையே போனேன். தினம் அந்த வழியாகத்தான் போகிறேன், ஆனால் இந்தக் கண்ணோடு பார்த்ததில்லை.

தரவைக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் ஒரு மண்சாலை இருக்கிறது. போட்டுப் பதினெட்டு வருடம் ஆகிறது. ஊருக்கு வேண்டிய சாலைதான், அதில்தான் மீன் வண்டி வருகிறது. அடியில் இரண்டு சிமெண்டுக் குழாய். ஒன்று வண்டி ஏறி நசுங்கிவிட்டது. இன்னொன்றின் வாயில் சீமைக்கருவை முளைத்து, உள்ளே சேறு கெட்டிப்பட்டுக் கிடக்கிறது. கையை விட்டுப் பார்த்தேன், முழங்கை வரை போகவில்லை. அதுவும் தரவைத் தரையைவிட உயரத்தில் வைத்த குழாய். ஐப்பசி கார்த்திகையில் கடல் ஏறும்போது சாலைக்கு மேலாகவே தண்ணீர் தாண்டி உள்ளே போய்விடுகிறது. போன தண்ணீருக்குத் திரும்பி வர வழியில்லை. அப்படியே நின்று, தை மாசியில் வற்றி, உப்பாகி விடுகிறது. பதினெட்டு வருடமாக நாங்கள் அறியாமலே ஒரு உப்பளம் வைத்திருந்திருக்கிறோம்.

செம்பனை மாமா:

தம்பி, எனக்குச் சொந்த ஊர் திருவாடானைப் பக்கம். 1989-ல் மலேசியா வந்தவன், முப்பது வருடத்துக்கு மேல் சிலாங்கூரில் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் வேலை. அந்தத் தோட்டம் முழுக்க பீட் மண்தான், இங்கே தானா கம்புட் என்பார்கள். அதனால் அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

முதலில், உங்கள் சேறு பீட் இல்லை. வீட்டிலேயே பார்க்கலாம். பீட்டை ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் தேத்தண்ணீர் நிறத்தில் நீர் வடியும். கையில் நார், வேர், பாதி மட்கிய இலை மிஞ்சும். காயவைத்தால் விறகு போல எரியும். உங்கள் சேற்றைப் பிழிந்தால் சேறேதான் பிதுங்கும். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், அடுப்பில் போட்டால் எரியாது. ஆறும் கடலும் கொண்டுவந்து போட்ட களிமண்ணில் இலையும் வேரும் கலந்தது அது. ஆனால் ஒரேயடியாக அந்நியமும் இல்லை, பங்காளி முறை. இரண்டிலும் தண்ணீர் காற்றை உள்ளே விடாமல் மூடி வைத்திருக்கிறது, அதனால் செத்த இலையும் வேரும் முழுசாக மட்காமல் தங்கிவிடுகின்றன. அலையாத்திக் காட்டில் கூட கரியின் (கார்பனின்) பெரும்பங்கு மரத்தில் இல்லை, அடியில் இருக்கிற சேற்றில்தான். பெலிஸ் நாட்டுத் தீவுகளில் அலையாத்தி வேரே குவிந்து குவிந்து 10 மீட்டர் ஆழத்துக்குப் பீட் ஆகிக் கிடக்கிறது. நம் கரையில் அந்த அளவுக்கு இல்லை.

பீட் எப்படிப்பட்டது என்று ஒரு கணக்குச் சொல்கிறேன். வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் சேரும். அப்படியென்றால் என் உயரத்துக்குச் சேர ஆயிரத்து எழுநூறு வருடம். எங்கள் தோட்டத்தில் மூன்று நான்கு மீட்டர் இருந்தது. இரும்புக் கம்பியை ஒரு கையால் அழுத்தினால் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கும். உலகத்தில் தரைப் பரப்பில் நூற்றுக்கு மூன்று பங்குதான் பீட். ஆனால் உலகத்துக் காட்டு மரமெல்லாம் சேர்த்து வைத்திருக்கும் கரியைவிட அந்த மூன்று பங்கில் அதிகம் இருக்கிறது.

இதை வடித்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊர்க் கரிமூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். என் அப்பா மூட்டம் போடுகிறவர். சீமைக்கருவை விறகை அடுக்கி, மேலே தழை பரப்பி, மண் போட்டு மூடி, தீ வைத்து வாயை அடைத்துவிடுவார். உள்ளே தீ தூங்கிக்கொண்டே வேகும். ராத்திரியெல்லாம் விழித்திருந்து புகையைப் பார்ப்பார். எங்காவது மண் விரிசல் விட்டால் ஓடிப்போய்ச் சேறு அப்புவார். கவனிக்காமல் விட்டால் விடியும்போது கரி இருக்காது, சாம்பல்தான் இருக்கும். ஒரு முறை அப்படி ஆகி, அம்மா சாம்பலைக் கூடையில் அள்ளியது கண்ணிலேயே நிற்கிறது. பீட் நிலமும் அப்படி ஒரு மூட்டம்தான். மண்ணுக்குப் பதில் தண்ணீர் மூடியிருக்கிறது. வடிகால் வெட்டுவது மூட்டத்தில் ஓட்டை போடுவதற்குச் சமம். அதற்குத் தீ கூட வேண்டாம். காற்றுப் பட்டதுமே நுண்ணுயிர்கள் தின்ன ஆரம்பிக்கும், கரி வாயுவாகிப் போய்க்கொண்டே இருக்கும், தரை இறங்கிக்கொண்டே இருக்கும்.

நான் வந்த புதிதில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலுக்கு ஒரே படி. இருபது வருடத்தில் மூன்று படி ஆனது. வீடு ஆழத்தில் அடித்த தூணில் நிற்கிறது, தரைதான் கீழே போனது. செம்பனைக்கு வேர் வெளியே வந்து, மரம் ஒன்றன்மேல் ஒன்று குடித்தவன் மாதிரிச் சாய்ந்து நிற்கும். இங்கிலாந்தில் ஹோம் என்ற இடத்தில் 1850-களின் தொடக்கத்தில் ஓர் இரும்புத் தூணைத் தரையோடு மட்டமாகப் பதித்தார்கள். இன்று அது சுமார் 4 மீட்டர் வெளியே நிற்கிறது. தூண் வளரவில்லை.

அப்புறம் தீ. 2005 ஆகஸ்டில் குவாலா சிலாங்கூரில் அவசரநிலையே போட்டார்கள், எதிர் வீடு தெரியாது. என் மகளுக்கு அப்போது ஆறு வயது, ஈரத்துணியை மூக்கில் கட்டிப் படுக்கவைத்தோம். இந்தோனேசியாவில் 1996-ல் நெல் விளைவிக்கிறோம் என்று கலிமந்தானில் பத்து லட்சம் ஹெக்டேர் பீட் நிலத்தை எடுத்து, 4,000 கிலோமீட்டருக்கு மேல் வாய்க்கால் வெட்டினார்கள். நெல் வரவில்லை, தீ வந்தது. 2015-ல் அந்த நாட்டில் எரிந்தது 26 லட்சம் ஹெக்டேர், அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பீட் நிலம். அதற்கு அடுத்த வருடம்தான் பீட்டை மீட்பதற்கென்றே தனி அமைப்பு வைத்தார்கள். அவர்கள் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? வாய்க்காலை அடைப்பது. மரக்கட்டை, மணல் மூட்டை, களிமண். தோட்டங்களில் கூட நீர்மட்டம் தரைக்குக் கீழே 40 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கக்கூடாது என்று விதி. சிலாங்கூரிலேயே ராஜா மூசா காட்டில் 2008 முதல் இந்த வேலை நடக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மூட்டை தூக்கப் போனேன். இடுப்பளவு கறுப்புத் தண்ணீரில் நின்று அடைத்தோம். ஒரு வருடம் கழித்துப் போனால் அடைப்புக்கு மேல்பக்கம் கோரையும் மஹாங் மரமும் தானாக வந்திருந்தன.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: அங்கே அடைக்கிறார்கள், உங்களுக்குத் திறக்க வேண்டும். வைத்தியம் நேர் எதிர், ஆனால் நாடி பிடிக்கிற இடம் ஒன்றுதான். தண்ணீர் முன்பு எப்படி வந்து போனதோ அதைத் திருப்பிக் கொடுங்கள்.

உச்சிப்புளித் தோப்பு:

ஒரு சின்னத் தகவல். ஐரோப்பாவில் பூந்தொட்டிக்கும் நாற்றுக்கும் பீட்டை வெட்டி மூட்டை மூட்டையாக விற்கிறார்கள். அதற்கு மாற்றாகப் போவது நம் தென்னை நார்க்கழிவு, அதாவது கோகோபீட். கட்டியாக அழுத்தி அனுப்புகிறார்கள், தண்ணீர் ஊற்றினால் பொங்கிப் பொங்கிக் குடிக்கும். என் அப்பா அதைத் தோப்பு ஓரத்தில் குவித்துக் கொளுத்துவார். ஒரு மூட்டை நார்க்கழிவு போனால் எங்கோ ஒரு மூட்டை பீட் தரையிலேயே கிடக்கும் என்று தெரிந்த பிறகு எங்கள் வீட்டில் யாரும் கொளுத்துவதில்லை.

கண்மாய்க்கரை:

நான் விவசாயி, ஆர்.எஸ். மங்கலம் பக்கம். மரம் நடுகிறோம் என்று யார் வந்தாலும் எனக்கு முதலில் பயம்தான் வருகிறது. சீமைக்கருவையும் ஒரு காலத்தில் வறட்சிக்கு நல்லது, விறகுக்கு ஆகும் என்று நல்ல எண்ணத்தில் கொண்டுவந்த மரம்தான். இன்று என் வரத்துக்கால் முழுக்க அது. மேலே மாமா சொன்ன கரிமூட்டம் பல குடும்பத்துக்குச் சோறு போடுகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வழி அடைந்துபோனதும் நிஜம்.

நம் மாவட்டத்தில் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-ல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன, 2025-ல் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்காலும். நாலும் பாசனக் கண்மாய்தான். நடுவில் நாட்டுக்கருவேல் நிற்கும், அதில் கூழைக்கடாவும் நாரையும் கூடு கட்டும். மழை பொய்த்த வருடம் போய்ப் பாருங்கள். மரம் அதே மரம்தான், அங்கேயேதான் நிற்கும். பறவைதான் இருக்காது. கன்று எண்ணுகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

இரண்டு விஷயம் கேட்டு வையுங்கள் தம்பி. கம்பெனிக்காரர்கள் கையெழுத்து வாங்கும் தாளில் கரிக்கணக்கு (மரமும் சேறும் பிடித்து வைக்கும் கரியைக் காட்டி விற்கிற கணக்கு) யாருக்குச் சொந்தம், எத்தனை வருடத்துக்கு, அந்த வருடங்களில் ஊர் ஆடு உள்ளே போகலாமா, நண்டு பிடிக்கலாமா என்று எழுதியிருக்கிறதா? தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். ரெண்டாவது, தரவை யார் பேரில் இருக்கிறது? புறம்போக்கா, வனத்துறையா? அது தெரியாமல் மண்வெட்டி எடுக்காதீர்கள்.

விவரம் தெரிந்தவர்களிடம் எனக்கும் ஒரு சந்தேகம். தண்ணீர் தேங்கினால் மீத்தேன் வருமே? கண்மாய்ச் சேற்றைக் கம்பால் குத்தினால் குமிழி குமிழியாக வருகிறது. நனைத்து வைப்பது நல்லதுதானா?

வாத்தியார் (பரமக்குடி):

கண்மாய்க்கரை அண்ணன் கேட்டது சரியான கேள்வி. நல்ல தண்ணீர்ச் சேற்றில் மீத்தேன் வரும், மறைக்க வேண்டியதில்லை. பீட் நிலத்தை மறுபடி நனைத்தால் முதல் சில வருடம் மீத்தேன் கூடவே செய்யும். ஆனால் மீத்தேன் காற்றில் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் சிதைந்துவிடும். காய்ந்த பீட்டிலிருந்து போகும் கரியமில வாயு நூற்றாண்டுக் கணக்கில் தங்கும், அதுவும் பீட் தீரும் வரை நிற்காமல் போகும். அதனால்தான் நனைப்பதே மேல் என்கிறார்கள்.

கடல் தண்ணீர் ஏறும் இடத்தில் கதை வேறு. கடல்நீரில் சல்பேட் உப்பு நிறைய. அதைக் கொண்டு பிழைக்கும் பாக்டீரியாக்கள் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு இரை மிச்சம் வைப்பதில்லை. அவை வேலை செய்வதற்கு அடையாளம்தான் அந்த அழுகிய முட்டை வாடை. வத்தைக்காரத் தம்பி, அந்த வாடை சேறு கெட்டுப்போனதால் வருவதில்லை.

நீங்கள் பீட் பற்றிக் கேட்டதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். அது ஏதோ குளிர்தேசத்துச் சமாச்சாரம் இல்லை. நம் நீலகிரியில், சோலைக்கும் புல்வெளிக்கும் நடுவில் இருக்கும் பள்ளங்களில் பீட் இருக்கிறது. இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமார் குழு அதைத் தோண்டி ஆராய்ந்து, 20,000 வருடமாக நம் மலையில் காடும் புல்லும் மாறிமாறி வந்த கதையை 1993-ல் வெளியிட்டது. மழையைக் குடித்து, கோடையில் சொட்டுச் சொட்டாக விடுகிற பள்ளங்கள் அவை. அங்கே கசியும் ஓடைகள் பவானியிலும் மோயாறிலும் சேர்ந்து, பவானிசாகர் போய், கூடுதுறையில் காவிரியில் கலக்கின்றன. நம் மாவட்டத்துக்குக் கூட்டுக் குடிநீர் எங்கிருந்து வருகிறது? திருச்சிப் பக்கம் காவிரியிலிருந்து. கடைமடையில் குடத்தோடு வரிசையில் நிற்கும் நமக்கும் அந்தப் பள்ளங்களுக்கும் குழாய் வழியாகவே உறவு இருக்கிறது. அங்கே ஒரு பள்ளத்தில் சீகை மரம் (வெளிநாட்டு வாட்டில்) முளைத்து உலர்த்துகிறது என்று கேள்விப்பட்டால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

கன்று நடுவதைப் பற்றி. ஸ்காட்லாந்தின் வடகோடியில் ஃப்ளோ கன்ட்ரி என்று பெரிய பீட் நிலம், 2024-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. 1980-களில் வரிச்சலுகை கொடுத்து அங்கே சால் வெட்டி ஊசியிலை மரம் நட்டார்கள். பீட் காய்ந்தது, அங்கே கூடு கட்டும் பறவைகள் விலகின. இப்போது அந்த மரங்களை வெட்டிச் சாய்த்து, வெட்டிய சால்களை அடைத்துக்கொண்டிருக்கிறார்கள். மரம் வெட்டுவதே சீரமைப்பாகும் இடமும் உண்டு.

அதே மாதிரி, உங்கள் பதினைந்து ஏக்கரிலும் மூலைக்கு மூலை கன்று வைக்க விடாதீர்கள். முன்பு மரம் நின்ற ஓரம் எது, வெட்டவெளிச் சேறாகவே இருந்தது எது என்று உங்கள் அப்பாவைக் கேட்டு ஒரு படம் வரையுங்கள். வெட்டவெளிச் சேற்றில்தான் உள்ளானும் பூநாரையும் இரை பொறுக்கும். அந்த இடம் வெறுமையாக இருப்பதே சரி.

திறப்பதற்கு நம் பக்கத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. பிச்சாவரத்தில் ஒரு காலத்தில் அலையாத்தியைப் பகுதி பகுதியாக மொத்தமாக வெட்டினார்கள். வெயில் பட்டுத் தரை காய்ந்து தாழ்ந்து, தட்டு மாதிரிக் குழிந்தது. ஏறிய கடல்நீர் வடியாமல் உப்பு முற்றியது. உங்கள் தரவைக்கு நடந்ததேதான். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து 1990-களில் அங்கேயும் முத்துப்பேட்டையிலும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டின. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால். ஓதம் உள்ளே வந்து உப்பைக் கழுவிக்கொண்டு வெளியே போனது. கன்றைக் கிளை வாய்க்கால் ஓரச் சரிவில் வைத்தார்கள். உங்கள் 37 மரமும் சரிவில்தான் நிற்கிறது, பாருங்கள்.

வத்தைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. பதில் போட ஒரு மாதம் ஆகிவிட்டது, மன்னிக்கவும்.

கூட்டத்தில் நான் கம்பு அளவையும், அப்பா சொல்லச் சொல்ல என் மகன் கோலமாவில் தரையில் போட்ட படத்தையும்தான் வைத்துப் பேசினேன். முதலில் சத்தம் வந்தது. வரும் கூலியைக் கெடுக்கிறான் என்று ஒருவர் எழுந்தார். என் வீட்டுக்காரி பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து, "செத்துப்போகிற கன்றுக்கு நான் குனிய மாட்டேன்" என்றாள். அதற்கப்புறம் பேச்சு திசை மாறியது. கடைசியில் ஊர் எடுத்த முடிவு: குழாயை எடுத்துவிட்டு, தரவைத் தரையோடு மட்டமாக ஒரு சின்னப் பாலம் வேண்டும், கம்பெனி முதல் வருடப் பணத்தை அதற்கும் வாய்க்காலுக்கும் தர வேண்டும், கூலி வாய்க்கால் வெட்டுகிறவர்களுக்கு. கன்று அப்புறம், ஓரத்தில் மட்டும். தாளைத் தமிழில் கேட்டிருக்கிறோம். மேலே பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று போயிருக்கிறார்கள், இன்னும் பதில் இல்லை. தரவை புறம்போக்கு என்று கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிந்துகொண்டோம். பாலத்துக்கும் வாய்க்காலுக்கும் ஊராட்சி மூலமாக மனு கொடுத்தாகிவிட்டது.

அதுவரை சும்மா இருக்க முடியவில்லை. சொல்லிவிட்டு, அடைத்துக் கிடந்த குழாயை மட்டும் ஒன்பது பேர் சேர்ந்து தோண்டினோம். சீமைக்கருவை வேர் குழாய்க்குள் சடை பின்னியிருந்தது, அரிவாளால் அறுத்து அறுத்து இழுத்தோம். மத்தியானம் இரண்டு மணிக்குக் கடைசிச் சேற்றைத் தள்ளியதும் வாய்க்கால் தண்ணீர் நூல் மாதிரி உள்ளே போனது. உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். பௌர்ணமி ஏற்றத்தில் நூல் கயிறாகி, குழாய் நிரம்பி ஓடியது. உப்பு ஓடு ஓரத்திலிருந்து கரைந்து, பழுப்பாகி மிதந்தது. மறுநாள் காலையில் வடியும் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தேன், நாக்கு எரிந்தது. அத்தனை வருட உப்பு.

ஐந்தாம் நாள் மடவைக் குஞ்சு உள்ளே வந்திருந்தது. கண் மட்டும்தான் தெரியும், அவ்வளவு பொடிசு. குழாய் வாயருகே மூன்று விதை தோல் உரிந்து கிடந்தது. மகன் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஈர்க்குச்சி நட்டு வைத்திருக்கிறான்.

ஒரு சந்தேகம் அக்கா. நேற்று கம்பில் நீர் ஏறியது ஏழு விரல். வடிந்தபின் நடுப்பள்ளத்தில் இரண்டு விரல் அப்படியே நிற்கிறது. குழாய் உயரத்தில் இருப்பதால் போகாது. இதை இப்படியே விடலாமா?

கழிக்கரை அக்கா:

விடாதீர்கள் தம்பி, தை மாதம் அந்த இரண்டு விரல்தான் மறுபடி உப்பாகும். பாலம் வருகிறவரை குழாயைத் தொட முடியாது. அதனால் மழை பெய்கிற நாளாகப் பார்த்து, வத்தையில் தண்ணீர் இறைக்கும் வாளியாலோ டீசல் மோட்டாராலோ அந்தப் பள்ளத்தை இறைத்து வெளியே விடுங்கள். மழைத்தண்ணீரே கழுவிக் கொடுக்கும். மனுவுக்கு உத்தரவு வந்து பாலமும் முடிந்ததும் பள்ளத்திலிருந்து பாலம் வரை ஒரு சால் இழுங்கள், ஒரு மண்வெட்டி அகலம் போதும். வெட்டிய சேற்றை ஓரத்தில் கரையாகக் குவிக்காதீர்கள், அது இன்னொரு வரப்பாகிவிடும். கையால் வாரி இரண்டு பக்கமும் பரப்பி விடுங்கள்.

பையனிடம் சொல்லுங்கள், ஈர்க்குச்சியை விதைக்கு ஒரு சாண் தள்ளி நடச் சொல்லி. வேர் இப்போதுதான் பிடிக்கும், அசையக்கூடாது.